சஸ்பென்ஸ் அக்கவுண்டில் ஒரு இன்ஜின்

பி.காம். படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சந்தோஷம் உண்டு. டிரையல் பேலன்ஸ் முதல் தடவையிலேயே டாலி ஆவது. அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு துக்கமும் உண்டு. டாலி ஆன பிறகும் கணக்கு தப்பாக இருப்பது.

டாலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? ராத்திரி ஒன்பது மணி வரை கூட்டிப் பார்ப்போம். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பிறகு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பு போட்டு, வித்தியாசத்தை அதில் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுப் படுப்போம். 'தப்பு எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று இன்னும் தெரியவில்லை' என்பதற்கு கணக்குப்பிள்ளைகள் கொடுத்த கௌரவமான பெயர் அது. தப்பைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூட வேண்டும் என்பது விதி. நாணயமானவர் மூடுவார். மற்றவர் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

போன வாரம் வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். 'புதுசாக ஒரு கார் இன்ஜின் செய்ய ஏன் இத்தனை காலம், இத்தனை பணம்? பெட்ரோலை ஊற்றினால் எரியப் போகிறது. இதில் என்ன ஆராய்ச்சி?' என்று.

ஐயா, பிளானில் டாலி ஆகிவிடும். ஓட்டிப் பார்த்தால்தான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஆரம்பம். சோதனை இன்ஜின் என்பதே இன்ஜினீயர்களின் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்தான். இதை விளக்க எனக்குத் தெரிந்து ஒரு நல்ல கதை இருக்கிறது. இங்கிலாந்துக் கதை. கொஞ்சம் பழசு. ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் ஆபீசில் ஒரு ஃபைலை அப்ரூவல் வாங்க அலைந்தவர் என்றால் இன்றைக்கும் பிடிக்கும்.

* * *

1966-ல் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தின் சட்டத்தை மாற்றினார்கள். அதுவரை இன்ஜின் ஒன்றரை லிட்டர். இனிமேல் மூன்று லிட்டர். அதாவது இரண்டு மடங்கு. எல்லோரும் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் பல டீம்களுக்கு இன்ஜின் சப்ளை செய்துகொண்டிருந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி, 'ஆளை விடுங்கள் சாமி' என்று 1965-ஓடு கடையை மூடியது.

நடுத்தெருவில் நின்றவர்களில் ஒருவர் லோட்டஸ் கம்பெனி முதலாளி காலின் சாப்மன். பிரமாதமான கார் செய்வார். இன்ஜின் செய்ய மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் செய்வார். அவர் பெயர் கீத் டக்வொர்த்.

டக்வொர்த், சாப்மனிடம் வேலை பார்த்தவர். கியர்பாக்ஸ் டிபார்ட்மென்ட். அந்த கியர்பாக்ஸ் தேறாது, அதோடு மல்லுக்கட்டி என் காலத்தை வீணாக்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவர். லோட்டஸிலேயே இருந்த சிநேகிதர் மைக் காஸ்டினோடு சேர்ந்து 1958-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். காஸ்டினில் பாதி, டக்வொர்த்தில் பாதி: 'காஸ்வொர்த்'. நம் ஊரில் அண்ணன் தம்பி இனிஷியலைச் சேர்த்து ஸ்டோருக்குப் பெயர் வைக்கிற மாதிரிதான்.

விட்டுப் போனவரிடமே முதலாளி திரும்பி வந்து நிற்கிற காட்சி எல்லா ஆபீஸ் குமாஸ்தாவும் காணும் பகல் கனவு. டக்வொர்த்துக்கு அது நிஜமாகவே நடந்தது.

மூன்று லிட்டர் இன்ஜின் செய்ய முடியுமா? முடியும். எவ்வளவு ஆகும்? ஒரு லட்சம் பவுண்டு.

1966 ஜூனில் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு ஒரு பவுண்டு 21 ரூபாய். 21 லட்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து 21 லட்சம்.

* * *

சாப்மனிடம் அவ்வளவு பணம் இல்லை. இங்கிலாந்து ஃபோர்டு கம்பெனியில் வால்டர் ஹேய்ஸ் என்று ஒருவர் இருந்தார். இன்ஜினீயர் கிடையாது. பத்திரிகை ஆசிரியராக இருந்து, ஃபோர்டில் விளம்பரம், மக்கள் தொடர்பு பார்க்க வந்தவர். (பத்திரிகைக்காரர்கள் உருப்படியாக எதுவும் செய்ய மாட்டார்கள் என்று சொல்லும் என் மாமனார் இதைக் கவனிக்கவும்.) இன்ஜினீயரிங் பிரிவில் இருந்த ஹார்லி காப்பும் அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஹேய்ஸ் எப்படி அப்ரூவல் வாங்கினார் என்பதை ஆபீஸ் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். போர்டு மீட்டிங். அஜெண்டாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிய விஷயங்கள் எல்லாம் ஓடுகின்றன. எல்லாம் முடிந்து கடைசியில், 'வேறு ஏதாவது உண்டா?' என்று கேட்கும் இடம். டைரக்டர்கள் மனசு அப்போது சாப்பாட்டில் இருக்கும். அங்கேதான் இந்த விஷயம் எழுந்தது. ஒரு கிராண்ட் பிரீ இன்ஜின் செய்யலாமென்று இருக்கிறோம், லட்சம் பவுண்டு ஆகும் என்று. சரி என்றார்கள்.

நம் ஆபீசில் ஒரு டேபிள் ஃபேன் வாங்க மூன்று கொட்டேஷன், இரண்டு கையெழுத்து, ஒரு கமிட்டி. அங்கே உலகப் பந்தயச் சரித்திரத்தையே மாற்றிய இன்ஜின் 'இதர விஷயங்கள்' தலைப்பில் பாஸ் ஆனது.

அந்த லட்சத்துக்கு இரண்டு இன்ஜின் என்பது ஒப்பந்தம். முதலில் சின்னது. ஃபோர்டு கார்ட்டினா காரின் பிளாக்கை எடுத்து, மேலே புது ஹெட் போட்டு, 1.6 லிட்டரில் நாலு சிலிண்டர். பெயர் எஃப்.வி.ஏ. அது நினைத்தபடி ஓடினால், அந்த மாதிரி இரண்டு நாலை 90 டிகிரி கோணத்தில் V எழுத்து போலச் சேர்த்து எட்டு சிலிண்டர். மூன்று லிட்டர். பெயர் டி.எஃப்.வி. 'டபுள் ஃபோர் வால்வ்' என்பதன் சுருக்கம்.

இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். பெரிய கல்யாணத்துக்கு முன்னால் சமையல்காரரை ஒரு நிச்சயதார்த்தத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்கிற முறை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தியா என்பது ஐம்பது பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

* * *

சரி, இன்ஜினில் சக்தி எப்படி வருகிறது? பெட்ரோல் என்பீர்கள். பெட்ரோல் பிரச்னையே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அது எரியக் காற்று வேண்டும். காற்றுதான் ரேஷன். மூன்று லிட்டர் இன்ஜின் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை மூன்று லிட்டர் காற்றை இழுக்கும். அதிக சக்தி வேண்டுமென்றால் வேகமாகச் சுற்று, ஒவ்வொரு இழுப்பிலும் வயிறு முட்ட இழு. அவ்வளவுதான் ரகசியம்.

டி.எஃப்.வி. நிமிஷத்துக்கு 9,000 சுற்று. செகண்டுக்கு 150. முழுசாக இழுத்தால் ஒரு செகண்டில் 225 லிட்டர் காற்று. உங்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் 200 லிட்டர் டிரம் இருக்கிறதல்லவா, 'ஒண்ணு' என்று சொல்லி முடிப்பதற்குள் அது காலி. ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 75 தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் செகண்டுக்கு 300 தடவை அப்படியே நின்று, திரும்பி ஓட வேண்டும்.

வழக்கமாக ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. டக்வொர்த் நாலு வைத்தார். நாலு வால்வு அவர் கண்டுபிடிப்பு இல்லை. முதல் உலகப் போருக்கு முன்பே பந்தயக் கார்களில் இருந்தது. பெரிய கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு பெரிய கதவு வைப்பதைவிட இரண்டு சின்னக் கதவு வைத்தால் கூட்டம் சுலபமாகப் போகும். சின்னக் கதவு எடையும் குறைவு, சட்டென்று திறந்து சட்டென்று மூடும்.

அவர் செய்த விசேஷம் வேறு. அந்தக் காலத்தில் வால்வுகளை ரொம்பச் சாய்த்து வைப்பார்கள். அதனால் நெருப்புப் பிடிக்கும் அறை ஆரஞ்சுத் தோல் போல வளைந்து பரந்து இருக்கும். அதற்குள் பிஸ்டன் தலையையும் மேடாக வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் பற்றிய நெருப்பு மேட்டைச் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் பிஸ்டன் பாதி வழி இறங்கிவிடும். டக்வொர்த் நாலு வால்வையும் நெருக்கிக் கிட்டத்தட்ட நேராக நிறுத்தினார். இடையே கோணம் 32 டிகிரிதான். அறை சின்னது. பிஸ்டன் தலை ஏறக்குறையத் தட்டை. நடு மத்தியில் பிளக். நெருப்பு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். இன்றைக்கு உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் சாதாரண நாலு வால்வு காரின் இன்ஜினைப் பிரித்தாலும் இந்த ஜாடைதான் இருக்கும்.

பலன்? 2,993 சி.சி.யில் சுமார் 400 குதிரை சக்தி. நம் பழைய அம்பாசடர், 1,489 சி.சி.யில் ஐம்பது சொச்சம் குதிரை. இரண்டு அம்பாசடரைச் சேர்த்துக் கட்டினாலும் நூறை ஒட்டித்தான் வரும். (அம்பாசடரில் ஒன்பது பேர் போகலாம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.)

போட்டியாளர்களைப் பாருங்கள். ஃபெராரி 12 சிலிண்டர். ஹோண்டா 12. பி.ஆர்.எம். என்ற இங்கிலீஷ் கம்பெனி 16! படுத்த வாக்கில் எட்டு, அதன் மேல் இன்னொரு எட்டு. பங்க் பெட் மாதிரி. கனமோ கனம். அது ஜெயித்தது மொத்தம் ஒரே ஒரு பந்தயம், 1966 அமெரிக்க கிராண்ட் பிரீ. டக்வொர்த் எட்டே போதும் என்றார். சாமான் குறைந்தால் உரசல் குறையும், எடை குறையும், பெட்ரோல் குறையும், உடைய வேண்டிய பாகங்களும் குறையும்.

இதை அவர் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார். ஒன்பது மாதம். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரை. முடிக்கும்போது ஆள் பதினெட்டு கிலோ இளைத்திருந்தார் என்பது காஸ்வொர்த் சரித்திரத்தில் சொல்லப்படும் விஷயம். கம்ப்யூட்டர் கிடையாது. பென்சில், ரப்பர், ஸ்லைடு ரூல்.

* * *

இன்னொரு சமாசாரம். சாதாரணக் காரில் சேசிஸ் என்ற கூடு இருக்கும், அதற்குள் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். இந்தக் காரில், அதாவது லோட்டஸ் 49-ல், டிரைவர் முதுகோடு கூடு முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இன்ஜினை நாலு இடத்தில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு, பின் சக்கரங்களின் சஸ்பென்ஷனை இன்ஜினிலும் கியர்பாக்ஸிலுமே மாட்டிவிட்டார்கள். இன்ஜின்தான் காரின் பாதி முதுகெலும்பு. முன்பும் சிலர் முயன்றதுண்டு. ஆனால் இதற்கென்றே ஆரம்பத்திலிருந்து இன்ஜினும் காரும் சேர்ந்து வரையப்பட்டது இங்கே.

ஒரு சிக்கல். இன்ஜின் சூடானால் விரியும். காரின் கூடு விரியாது. இரண்டையும் இறுக்கமாக முடுக்கினால் ஏதாவது ஒன்று கிழியும். அதனால் மேலே மாட்டும் இடங்களில் மெல்லிய தகடுகளை வைத்தார்கள். இன்ஜின் விரியும்போது அவை லேசாக வளைந்து கொடுக்கும். கூட்டுக் குடித்தனத்தில் மூத்த மருமகள் செய்கிற வேலை. யாரும் கவனிக்க மாட்டார்கள். அவர் இல்லாவிட்டால் வீடு இரண்டாகும்.

இந்த 'வளைந்து கொடுப்பது' என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

* * *

1967 ஜூன் 4. ஹாலந்து நாட்டில் ஸான்ட்வூர்ட். கடலோர மணல்மேடுகளுக்கு நடுவே பந்தயப் பாதை. டி.எஃப்.வி.யின் முதல் ரேஸ்.

லோட்டஸ் டிரைவர்கள் இருவர். ஒருவர் கிரஹாம் ஹில், மீசைக்காரர், இரண்டு பேரில் இந்தக் காரைச் சோதித்து ஓட்டியவர். மற்றவர் ஜிம் கிளார்க், அன்றைய உலகின் தலைசிறந்த டிரைவர். கிளார்க் இந்தக் காரை அதற்கு முன் ஓட்டினதே கிடையாது. காரணம் இன்கம்டாக்ஸ்! வரி விவகாரத்துக்காக அந்த வருஷம் இங்கிலாந்துக்கு வெளியே பாரிஸில் குடியிருந்தார். (நம்மால் வரிக்குப் பயந்து அதிகபட்சம் எல்.ஐ.சி. பாலிசி எடுக்கத்தான் முடிகிறது.)

பிராக்டிஸில் ஹில் எல்லோரையும்விட வேகம். முதல் இடத்திலிருந்து கிளம்பினார். கிளார்க் எட்டாவது இடம். ரேஸ் தொடங்கியது. ஹில் முன்னால் பறந்தார். பதினோராவது சுற்று. இன்ஜின் செத்துப் போயிற்று. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அதே இன்ஜின் கிளார்க் வண்டியிலும் இருக்கிறது. காஸ்வொர்த் ஆட்கள் எப்படி மூச்சுவிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் அந்தப் பச்சை வண்டி வருகிறதா என்று பார்ப்பது, போனதும் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் முதலாவதாகவே வந்தது. முதல் ரேஸிலேயே ஜெயம்!

மறுநாள் பேப்பரில் ஜெயித்த இன்ஜினின் படம். காஸ்வொர்த்துக்கு முக்கியமானது மற்ற இன்ஜின். ஹில் வண்டியில் இருந்தது.

* * *

அதில் உடைந்தது இரண்டு பல். பல்சக்கரத்துப் பல்.

கீழே கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகள் நாலு. கீழ் சுற்றை மேலே கொண்டுபோக வரிசையாகப் பல்சக்கரங்கள். அவற்றில் ஒன்றில்தான் பல் போயிற்று. பல்லின் பலத்தைக் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தார்கள். கேம் ஷாஃப்டைச் சுற்ற இவ்வளவு சக்தி வேண்டும், பல் அதைத் தாங்கும், பாதுகாப்புக்கு மேலே கொஞ்சம். டாலி.

தப்பு எங்கே? சராசரியில்.

கேம் ஷாஃப்ட் சீராகச் சுற்றுகிற வஸ்து இல்லை. வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், பிடித்து நிறுத்தப் பார்க்கும். திறந்து முடிந்து மூடும்போது அதே ஸ்பிரிங் பின்னாலிருந்து உந்தித் தள்ளும். பல் ஒரு கணம் இந்தப் பக்கம் அறை வாங்கும், அடுத்த கணம் அந்தப் பக்கம். ஒரு செகண்டுக்கு நூற்றுக்கணக்கில். சராசரியைப் பார்த்தால் சாது. உச்சத்தைப் பார்த்தால் கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு. பல், சராசரியில் உடைவதில்லை சார். உச்சத்தில்தான் உடையும்.

இது நமக்குத் தெரியாததா? பன்னிரண்டு மாதச் செலவைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் என் வீட்டு பட்ஜெட்டும் சம்பாத்தியத்துக்குள் அழகாக அடங்கும். ஆனால் ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் என்று ஒன்று வரும். தீபாவளி வரும். மச்சினி கல்யாணம் வரும். அந்த மாதங்களில்தான் பல் உடைந்து, பீரோவில் இருக்கும் வளையல் சேட்டுக் கடைக்குப் போகிறது. 'சராசரியாக நாம் நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று வீட்டுக்காரியிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பல் உடைந்தால் சுலபமான மருந்து, பல்லைத் தடிமனாக்குவது. எந்தப் பட்டறையிலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் தடிமன் ஏற ஏற எடை ஏறும். அதோடு அறையை வாங்காமல் அடுத்த சக்கரத்துக்குத் தள்ளிவிடும். டக்வொர்த் கடைசியில் கண்ட வழி வேறு. பல்சக்கரத்தின் நடுப்பகுதிக்குள் பன்னிரண்டு குட்டிக் கம்பிகளை வைத்தார். அறை விழும்போது அவை மயிரிழை முறுக்கிக்கொண்டு, மறுபடி நிமிரும். உச்சம் மழுங்கிவிடும். பல் பிழைத்துவிடும். பலத்தைக் கூட்டாமல், வளைந்து கொடுக்க இடம் விட்டார். மூத்த மருமகள், இரண்டாம் முறை.

பெரிய பெரிய கம்பெனிகளில் 'டெவலப்மென்ட்' என்று ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். பெருமையான டிபார்ட்மென்ட். டக்வொர்த் அதைப் பற்றிச் சொன்னதாகச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு: வரைகிறவனுக்குத் தெரியாமல் போனதைச் சரிக்கட்டுவதற்குத்தான் டெவலப்மென்ட் என்பதே தேவைப்படுகிறது என்று. இதைச் சொன்னவர் வரைகிறவர்! தன் தொழிலின் அறியாமைக்குத் தானே லெட்ஜரில் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறார்.

வாசகர் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான். அந்தக் காலமும் பணமும் தெரிந்ததைச் செய்ய ஆவதில்லை. எது தெரியாது என்பதே தெரியாமல் இருக்கிறதே, அதைத் தேடி எடுக்க ஆகிறது.

* * *

அந்த வருஷம் அதன் பிறகு என்ன ஆயிற்று? ஸான்ட்வூர்ட் தொடங்கி வருஷக் கடைசி வரை ஒன்பது ரேஸ். ஒன்பதிலும் முதல் இடத்தில் நின்று கிளம்பியது லோட்டஸ்தான். வேகத்தில் யாரும் கிட்டே வர முடியவில்லை. கிளார்க் நாலு ரேஸ் ஜெயித்தார்.

சாம்பியன் யார்? டென்னி ஹல்ம். பிரபாம் டீம். அவர் ஜெயித்தது இரண்டே ரேஸ். சக்தி குறைந்த, சாதுவான ரெப்கோ இன்ஜின். ஆனால் வாராவாரம் வீடு வந்து சேர்ந்தது, பாயிண்ட் சேர்த்தது. லோட்டஸோ ஒரு ரேஸில் இது, ஒரு ரேஸில் அது. பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இன்ஜின் நன்றாகவே இருந்தது, அதன் சக்தியைத் தாங்காமல் பின்னால் இருந்த கியர்கள் இரண்டு வண்டியிலும் போயின. ஒரு கணக்கைச் சரி செய்தால் வித்தியாசம் அடுத்த கணக்குக்குத் தாவுவது கணக்குப்பிள்ளைகளுக்குப் பழக்கமானதுதான்.

அடுத்து ஹேய்ஸ் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். கையில் இருப்பது யாரிடமும் இல்லாத இன்ஜின். பூட்டி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் ஜெயிக்கலாம். அவரோ, ஒரே டீம் எப்போதும் ஜெயித்தால் பந்தயம் சப்பென்று போகும், அதில் ஃபோர்டு பெயருக்கு என்ன மதிப்பு என்று யோசித்தார். சாப்மனிடம் பேசி, 1968 முதல் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் விற்கத் தொடங்கினார்கள். ஒன்று 7,500 பவுண்டு. பதினாலு விற்றால் லட்சத்தைத் தாண்டும். (அது விற்பனை, லாபம் இல்லை. பி.காம்.கள் சண்டைக்கு வர வேண்டாம்.) சாப்மனும் சம்மதித்தார்.

வாங்கியவர்களில் ஒருவர் கென் டிரெல். தொழில், மர வியாபாரம். மரக்கடைக்காரர் ஒருவர் கடையில் ஒரு இன்ஜின் வாங்கி, ஜாக்கி ஸ்டூவர்ட்டை ஓட்ட வைத்து, 1969-ல் உலக சாம்பியன் ஆனார். அந்த வருஷம் நடந்த 11 ரேஸையும் ஜெயித்தது டி.எஃப்.வி.தான். யாரிடம் இருந்தாலும் இன்ஜின் ஒன்றுதான், இனி திறமையைக் காட்டு என்று ஆகிவிட்டது.

* * *

ஆனால் அதற்குள் ஒரு பெயர் லிஸ்டிலிருந்து போய்விட்டது.

1968 ஏப்ரல் 7. ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம். கிராண்ட் பிரீகூட இல்லை, ஃபார்முலா டூ, ஒரு படி கீழே. ஜிம் கிளார்க் ஓட்டியது லோட்டஸ் 48. அதில் இருந்தது நாம் பார்த்த அந்த நிச்சயதார்த்த இன்ஜின், எஃப்.வி.ஏ. ஈர ரோடு. காட்டுக்கு நடுவே நேர் பாதை. வண்டி திடீரென்று ஒதுங்கி மரத்தில் மோதியது. வயது 32.

இன்ஜின் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. பின் டயரில் காற்று இறங்கியிருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். முடிவாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. ஸான்ட்வூர்டில் இரண்டு பல் உடைந்தபோது வண்டி நின்றது, ஹில் இறங்கி நடந்தார், காரணம் கிடைத்தது, கணக்கு மூடப்பட்டது. ஹாக்கன்ஹைம் கணக்கு இன்றுவரை சஸ்பென்ஸில்தான் இருக்கிறது.

சோதனைக் கூடத்தில் ஒரு இன்ஜின் வெடித்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள் கைதட்டுவார்கள் என்று சொன்னால் சிரிப்பு வரலாம். எனக்கு இப்போது வருவதில்லை. அங்கே உடைகிற ஒவ்வொரு சாமானும் வேறெங்கோ மரங்களுக்கு நடுவே உடையாமல் போன சாமான்.

அந்த வருஷம் உடைந்து போயிருந்த டீமைத் தூக்கி நிறுத்தியவர் மீசைக்காரர் ஹில். 1968 உலக சாம்பியன் அவர்தான். இன்ஜின் டி.எஃப்.வி.

* * *

மொத்தக் கணக்கு: 1967 முதல் 1983 வரை இந்த இன்ஜினும் அதன் நேர் வாரிசும் ஜெயித்த கிராண்ட் பிரீக்கள் 155. டிரைவர் சாம்பியன் பட்டம் 12. லீ மான் 24 மணி நேரப் பந்தயம் இரண்டு தடவை, 1975-லும் 1980-லும். 400-ல் ஆரம்பித்த குதிரை சக்தி கடைசியில் 500-ஐத் தாண்டியது, அடிப்படை உருவம் மாறாமலே. டர்போ இன்ஜின்கள் வந்துதான் அதை வீட்டுக்கு அனுப்பின. டக்வொர்த் 2005-ல் காலமானார்.

நமக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. 2011 அக்டோபரில் டெல்லி அருகே முதல் இந்திய கிராண்ட் பிரீ நடந்தபோது நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஹெச்.ஆர்.டி. காரில் இருந்ததும் காஸ்வொர்த் இன்ஜின்தான். எட்டு சிலிண்டர். சிலிண்டருக்கு நாலு வால்வு. 44 வருஷத்துக்குப் பிறகும் தாத்தா ஜாடை.

டக்வொர்த் போன்றவர்கள் நம் ஆபீஸ்களில் இல்லாமல் இல்லை. மீட்டிங்கில், 'எல்லாம் டாலி ஆயிடுச்சு சார்' என்று பத்துப் பேர் சொல்லும்போது, 'சார், எனக்கு ஒண்ணு மட்டும் இன்னும் புரியலை' என்று கடைசி நாற்காலியிலிருந்து ஒருவர் இழுப்பார். எல்லோரும் வாட்ச்சைப் பார்ப்பார்கள். மானேஜர் முகம் சுளிப்பார். டிபன் நேரம் தள்ளிப் போகும்.

அடுத்த தடவை அவரைப் பேச விடுங்கள். முடிந்தால் ஒரு காபியும் வாங்கிக் கொடுங்கள். 'இதர விஷயங்கள்' தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.